பி.டி. பீரியடுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் யாராவது காலமானால் பொழுது விடிவதற்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட படம், கீழே உற்றார் உறவினர் பட்டியல். பள்ளிக்கூடத்து பி.டி. பீரியட் செத்தபோது மட்டும் யாரும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. வைக்க நினைத்தவருக்கும் மறைவு தேதி கிடைத்திருக்காது. வகுப்புச் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு கட்டத்தில் 'பி.டி.' என்று எழுதித்தான் இருக்கிறது, இறந்தவர் பெயர் ரேஷன் கார்டில் தொடர்வதுபோல. அந்த நேரத்தில் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் கரும்பலகையில் முக்கோணவியல் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாப் பள்ளியிலும் இதே கதி என்று சொல்லவில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் இன்னும் மூச்சு இருக்கிறது. ஒன்பதில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் அடக்கமே முடிந்துவிட்டது. பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இல்லை, ஓட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்துக்குத்தான் இந்தச் சாவில் நிஜமான இழப்பு. அவர்கள் சார்பில் இந்த இரங்கல்.

முதலில் பிறப்பு வளர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிகளில் டிரில் இருந்தது. பெரும்பாலும் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள் வந்து பிள்ளைகளை நிற்க வைத்து, திரும்ப வைத்து, நடக்க வைத்துவிட்டுப் போவார்கள். அதில் விளையாட்டு கிடையாது. 1919இல் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், அடுத்த ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் இதே பக்தான். 1943இல் சென்னையிலேயே காலமானார். ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவர், தன் வாழ்நாளைச் செலவழித்ததோ ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு வாத்தியார்களைத் தயார் செய்வதில். அவர்கள் வழியாகத்தான் கைப்பந்தும் கோ-கோவும் வளையப்பந்தும் கடைக்கோடிப் பள்ளிவரை போய்ச் சேர்ந்தன. வரிசையில் நிற்கிற வகுப்பு, ஆடுகிற வகுப்பாக மாறியது.

சென்னைக்கு மேற்கே இந்த வகுப்புக்கு வாய்த்த மண் நல்ல மண். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டை வந்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் பிள்ளைகள் படிக்கப் பள்ளிகள் எழுந்தன. அப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்பறையைவிட மைதானம் பெரிது. அங்கே தமிழ்ப் பிள்ளையும் மலையாளிப் பிள்ளையும் இந்தி பேசும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பாடத்தில் ஆளுக்கொரு மூலை, கோ-கோ ஆடுகளத்தில் ஒரே வரிசை.

பி.டி. பீரியட் எப்படி இருந்தது என்று பார்க்காத தலைமுறை வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மணி அடித்ததும் வகுப்பே ஓடும். வேப்பமரத்தடியில் பி.டி. வாத்தியார் விசிலோடு நிற்பார். ஸ்டோர் ரூமைத் திறந்தால் ரப்பரும் புழுக்கமும் கலந்த ஒரு வாசனை. தையல் பிரிந்த ஒரு வாலிபால், இரண்டு டெனிகாய்ட் வளையம், மூலையில் சாத்தி வைத்த லெசிம் கட்டு, மரத்தில் கடைந்த டம்பெல்ஸ், ஒரு டின் சுண்ணாம்புப் பொடி. அறுபது பேருக்கு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷத்தில் அறுபது பேரையும் ஆட வைப்பதுதான் அவருடைய வித்தை. முதலில் எல்லோரும் மைதானத்தை ஒரு சுற்று. பிறகு கையைத் தூக்கி, காலை அகட்டி, குனிந்து நிமிர்ந்து எண்ணிக்கைக்குப் பத்து நிமிஷம் டிரில். அதற்குப் பிறகு அணி பிரிப்பது.

அணி பிரிப்பதில் நம் பிள்ளைகளிடம் ஒரு பழைய முறை இருந்தது. உத்தி பிரிப்பது என்பார்கள். இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தமக்கு ஈடான ஆளாகப் பார்த்து ஜோடி சேர்ந்துகொண்டு தள்ளிப் போவார்கள். நன்றாக ஆடுகிறவன் நன்றாக ஆடுகிறவனோடு, சுமாரானவன் சுமாரானவனோடு. அங்கே ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள், ஒருத்தன் சூரியன், ஒருத்தன் சந்திரன் என்று. தோளில் கைபோட்டுத் திரும்பி வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று தலைவரைக் கேட்பார்கள். தலைவர் பெயரைத்தான் கேட்க முடியும், ஆளைக் கேட்க முடியாது. இரண்டு அணியும் சமமாகிவிடும். 'இவன் வேண்டாம்' என்று ஒருவனைக் கடைசிவரை நிற்க வைத்து அவமானப்படுத்தவும் வழியில்லை. குண்டாக இருக்கிற பையனும், ஓடினால் இளைக்கிற பையனும், புதிதாக ஊருக்கு வந்த பையனும் யாரோ ஒருவருடைய சந்திரனாக ஆட்டத்துக்குள் போய்விடுவார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். அதற்கு நம் தெருவிலும் மைதானத்திலும் இவ்வளவு நுட்பமான ஒரு சட்டம் இருந்தது. சட்டத்தை எழுதியவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். குட்டித் தம்பி தங்கைகள் அழுதால் அவர்களை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்களைப் பிடித்தாலும் அவுட் கிடையாது. பெயர் இன்று சொல்லக் கூசுகிறது. விதி நல்ல விதி.

இறந்தவரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்று மரபு. ஆனால் பி.டி. பீரியடின் குறையை மறைத்தால் இந்த இரங்கல் பொய்யாகும். பெண் பிள்ளைகளுக்கு அது பாதி வகுப்புத்தான். எட்டாம் வகுப்பு வரை த்ரோபால் ஆடியவர்கள் ஒன்பதில் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். போகச் சொன்னது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. உடுப்பு, வெயில், 'பெரிய பொண்ணு' என்ற ஒரு வார்த்தை, பார்க்கிற பையன்கள், கதவு சரியில்லாத கழிப்பறை எல்லாம் சேர்ந்து உட்கார வைத்தன. யாரும் கையெழுத்துப் போடாத இந்த உத்தரவை வாத்தியாரும் மாற்றவில்லை.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. போலியோ இருந்த காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் காலில் கேலிபர் மாட்டிய ஒரு பிள்ளை இருக்கும். என் வகுப்பிலும் இருந்தான். நாங்கள் ஆடும்போது எங்கள் செருப்பு, கைக்கடிகாரம், டிபன் பாக்ஸ் எல்லாம் அவன் காவலில். ஸ்கோர் போடுவதும் அவன்தான். எந்தப் பந்து கோட்டில் விழுந்தது, எது வெளியே என்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். சண்டை வந்தால் அவன் சொன்னதுதான் தீர்ப்பு. அத்தனை வருஷத்தில் அவன் கையில் ஒரு முறை பந்தைக் கொடுத்து சர்வீஸ் போடச் சொல்ல எங்களுக்கோ வாத்தியாருக்கோ தோன்றவில்லை. வாலிபால் சர்வீஸுக்கு ஓட வேண்டியதில்லை, நின்ற இடத்தில் போடுவதுதான். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011இல் பதிவானார். 2014இல் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. கேலிபர் மாட்டிய பிள்ளைகள் வகுப்பிலிருந்து மறைந்தார்கள். மரத்தடியில் அவர்கள் உட்கார்ந்த இடத்தில், இப்போது மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ பார்வைக் குறைவோ உள்ள பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தைக் காலி செய்ய என்ன வேண்டும் என்பதற்குப் பாடம் இதே வட்டாரத்தில் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டை ஒரு முறை பார்த்தால் விளையாட்டு விதி என்றால் என்ன என்றே புரிந்துவிடும். பந்துக்குள் சின்னக் குண்டுகள், உருண்டால் கலகலவென்று சத்தம். பந்து வீசுகிறவர் முதலில் 'ரெடி?' என்று கேட்க வேண்டும். மட்டையாளர் 'யெஸ்' சொன்ன பிறகு 'பிளே' என்று குரல் கொடுத்து, கையைத் தாழ்த்தித் தரையோடு வீச வேண்டும். பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் முழுப் பார்வையிழந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கில் ஏறும். பார்வை இல்லை என்று சலுகையாக உள்ளே விட்ட ஆட்டமில்லை இது. விதியை மாற்றியதால், அந்த நான்கு பேர் இல்லாமல் ஜெயிக்க முடியாத ஆட்டம். 1998இல் டெல்லியில் இதற்கு முதல் உலகக் கோப்பையே நடந்தது. பூந்தமல்லியிலிருந்து இந்த விதி பத்து கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற மற்றப் பள்ளி மைதானங்களுக்கு நடந்து வர இத்தனை வருஷம் போதவில்லை.

இனி மரணத்துக்கான காரணங்கள். ஒன்று, கடன். "இன்னிக்கு மட்டும் உங்க பீரியட் தாங்க சார், போர்ஷன் முடியல" என்று கணக்கு வாத்தியார் கேட்பார். அறிவியல் டீச்சரும் கேட்பார். வாங்கிய கடனை யாரும் திருப்பியதாகச் சரித்திரம் இல்லை. இது பள்ளிக்கூட நகைச்சுவையாக இருந்து, அரசு மேடைவரை போன விஷயம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், 2023இல் குழந்தைகள் தின விழாவில், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை அவர்களுக்குக் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கைதட்டல் கிடைத்தது. ஆனால் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியருக்கு, மார்க் இல்லாத ஒரு வகுப்பைக் காப்பாற்ற எந்தக் கட்டாயமும் இல்லை. கடன் கேட்கும் வாத்தியாரைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் நாமும் அதே கடன்காரர்கள்தான். டியூஷனுக்காக மாலை விளையாட்டை அடகு வைத்தது யார்?

இரண்டாவது, இடம். 2004இல் அரசு வகுத்த விதி, தனியார் பள்ளி தொடங்க நகராட்சிப் பகுதியில் 10 கிரவுண்ட் நிலம் வேண்டும், மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்ட் போதும் என்றது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சி ஆனது. ஆக, இரண்டு இடத்திலும் 6 கிரவுண்டே போதும் என்றானது. 6 கிரவுண்ட் என்றால் 14,400 சதுர அடி. கட்டிடம், கழிப்பறை, வேன் நிற்கும் இடம் எல்லாம் இதற்குள். முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்றுக்கு ஏறக்குறைய 76,000 சதுர அடி வேண்டும். மொத்தப் பள்ளியையும் இடித்துச் சமமாக்கினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அரசுப் பள்ளிகளில் மைதானம் இருந்தது. பிள்ளைகள் பெருக, புதுக் கட்டிடம் எழுந்தது, மைதானத்தின் மேலேயே. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024இல் உயர் நீதிமன்றம், போதிய மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்க வேண்டாம் என்று சொன்னது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் ஒன்று சொல்லலாம். ஒரு கபடிக் களத்துக்கு 1,400 சதுர அடி போதும். அந்த இடம்கூட இல்லாமல் பள்ளி என்ற பெயர்ப் பலகை மாட்ட விடக்கூடாது.

மூன்றாவது, வாத்தியார். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிகளுக்காகத் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு அது 12,500 ஆனது. மூன்று அரை நாளில் அவர் எந்த வகுப்பை எடுப்பார், எந்தப் பிள்ளையின் பெயரைக் கற்றுக்கொள்வார்? முழு நேர பி.டி. வாத்தியார் இருக்கும் பள்ளியிலோ, காலை வழிபாட்டு வரிசை, லேட்டாக வருகிறவர்களைப் பிடிப்பது, முடி வெட்டாதவர்களைத் திருப்பி அனுப்புவது, இலவச சைக்கிளை எண்ணி வாங்கி வைப்பது எல்லாம் அவர் தலையில். விசில் இருக்கிறது, ஊதுவதற்கு நேரமில்லை.

நான்காவது, 2020. கொரோனாவில் பள்ளி மூடி, திறந்தபோது பாடம் பின்தங்கிவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள். உடம்பும் பின்தங்கிவிட்டது என்று பதறியவர்கள் குறைவு. ஏற்கெனவே நிலைமை மோசம்தான். 146 நாடுகளின் விவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வுப்படி, 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதுதான் அளவுகோல். இந்தியாவில் நாலில் மூன்று பேர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டவில்லை. உலகக் கணக்கில் பெண் பிள்ளைகள் நிலை ஆண் பிள்ளைகளைவிட மோசம்.

பி.டி. பீரியடுக்கு வாரிசு இல்லையா என்றால், இருக்கிறது. கோடைக்காலப் பயிற்சி முகாம், ஷட்டில் அகாடமி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப், குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை போகும் பள்ளிப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது. நல்லது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையும் மாலையும் பெரியவர்கள் டாக்டர் சொன்னார் என்று வேகநடை போடுகிறார்கள். அதுவும் நல்லது. ஆனால் இந்த வாரிசுகள் எல்லாம் பணம் கட்டியவர்களுக்கும், தேறியவர்களுக்கும், நோய் வந்தவர்களுக்கும் உரியவை. எதுவும் கட்டாமல், எதிலும் தேறாமல், சும்மா பள்ளிக்கு வந்ததற்காகவே ஒரு பிள்ளைக்கு ஆட்டம் கிடைத்தது பி.டி. பீரியடில் மட்டும்தான்.

மெடல் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கிப்போன சிறுவனை, உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், குறையேதும் இல்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தான். அந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் பாட்மின்டனில் வெண்கலம் வாங்கிய மனிஷா ராமதாஸ் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பெண். பிறக்கும்போதே வலது கையில் பாதிப்பு. இவர்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மரத்தடியிலேயே உட்கார வைத்திருந்தால் எப்படித் தெரியும்? மாரியப்பனை முதலில் பார்த்தது அகாடமி இல்லை, அரசுப் பள்ளியின் விசில்.

சட்டம் பிள்ளைகள் பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பள்ளிகள் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்போடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று 16ஆவது பிரிவில் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் மைதானம் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்.

எனவே இந்த இரங்கலைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய பி.டி. பீரியட் அப்படியே திரும்பி வர வேண்டாம். பாதிப் பிள்ளைகளை மரத்தடியில் விட்ட வகுப்பு அது. வேறொன்று வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு மூன்று கேள்விகளையும் எடுத்துப் போங்கள். போன மாதம் இந்த வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது? அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடினார்கள்? மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஆடியதா, ஸ்கோர் போட்டதா? பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். 'போர்ஷன் முடியல' என்ற பதில் வந்தால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.